என் சுத்தமும் அவர் மீன்களும்

ஜெபமாலையின் நான்காவது பத்து ஓடிக்கொண்டிருந்தது. என் நாத்தனார் பிலோமினா அண்ணி, "அருள் நிறைந்த மரியே வாழ்க, ஆண்டவர் உம்முடனே" என்பதுவரை சரியாகச் சொல்லிவிட்டு, அதே ராகத்தில், "ரெஜினா, மீன் கவுந்துடுச்சு" என்றார்.

இருபது பேரும் திரும்பினார்கள். ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் வீட்டு ஹாலில், மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் இரண்டரை அடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் ஒரு தங்கமீன் வெள்ளை வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மிதந்தது. வாங்கி ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. இது ஐந்தாவது சாவு.

அன்பியம் என்றால் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்த பத்துப் பதினைந்து வீடுகள் ஒன்றாகி ஓர் அன்பியம். மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபித்து, பைபிள் வாசித்து, டீயும் சுண்டலும் சாப்பிட்டு, யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு கலைவோம். அன்று எங்கள் வீட்டில் அது நடந்தது.

நான் எழுந்துவிட்டேன். கையில் ஜெபமாலை இருப்பதுகூட ஞாபகமில்லை.

"எத்தன தடவ சொன்னேன்! தீனியக் கொட்டாதீங்க, கொட்டாதீங்கன்னு எத்தன தடவ சொன்னேன்! இது அஞ்சாவது. எல்லாத்தையும் நீங்களேதாங்க கொல்றீங்க!"

என் கணவர் சேவியர் எழுந்து வலையை எடுத்து மீனை அள்ளினார். பால்கனிப் பூந்தொட்டியில் புதைத்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தார். அண்ணி ஐந்தாவது பத்தை ஆரம்பித்தார்.

பள்ளி ஆய்வகத்தில் நான் பிப்பெட்டை உடைத்த கதையைப் போன வாரம் இந்தப் பகுதியில் படித்துவிட்டு, "டீச்சருக்குக் கோபம் கொஞ்சம் ஜாஸ்தியோ?" என்று ஒரு வாசகி எழுதிக் கேட்டிருந்தார். அம்மா, இந்த வாரத்தையும் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

பிரஷருக்கு மீன்

தொட்டி எங்கள் வீட்டுக்கு வந்ததே வைத்தியமாகத்தான்.

சேவியருக்கு ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு சின்னப் பட்டறை இருந்தது. மூன்று லேத், ஒரு டிரில்லிங் மிஷின், நாலு ஆட்கள். பெரிய கம்பெனிகளுக்கு புஷ், பின் போன்ற உதிரிபாகங்களைக் கடைந்து கொடுத்தார். ஆர்டர் குறைந்து, ஆட்கள் ஒவ்வொருவராகப் போய், கடைசியில் பட்டறையை மூடினார். மூடிய மறுவாரமே ரத்த அழுத்தம் ஏறியது. இருபத்தெட்டு வருடம் லேத் சத்தத்தில் இருந்த மனுஷனுக்கு எங்கள் வீட்டு அமைதி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன்.

டாக்டர் மாத்திரை எழுதினார். கூடவே, "மீன் வளருங்க சார், பாத்துக்கிட்டே இருந்தா பிரஷர் எறங்கும்" என்றார். பிள்ளைக்குப் பாடம் வரவில்லை என்றால் நோட்டு வாங்கித் தரச் சொல்கிற வாத்தியார்களை எனக்குத் தெரியும். இவர் அந்த வகை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் புனேயில் வேலை செய்யும் எங்கள் மகள் நிஷா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, ஆன்லைனில் தொட்டியை ஆர்டர் செய்துவிட்டாள். அது வந்து இறங்கிய நாளில் சேவியர் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு ஸ்டாண்டை முடுக்கினார். நாலு காலுக்கும் ரசமட்டம் வைத்துப் பார்த்தார். பட்டறையை மூடிய பிறகு அவர் ஸ்பேனரைத் தொட்டது அன்றுதான். எனக்கே கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

ஒரே நாளில் எட்டு

மந்தைவெளிப் பக்கம் ஒரு சந்தில் குமாரின் மீன் கடை. குமார் நல்ல பையன்தான். ஆனால் வியாபாரி.

"தொட்டி எப்போக்கா வாங்கன?"

"இன்னிக்குக் காலையில."

"அப்ப தண்ணி ரொப்பிட்டியா?"

"ரொப்பியாச்சு."

"அவ்ளோதான்க்கா, வேற இன்னா கீது? மீன எத்துக்கினு போய் வுடு. ஒண்ணும் ஆவாது."

ஒரு வாரமாவது மீனில்லாமல் தண்ணீரை ஓட விட வேண்டும், அதற்குப் பிறகும் ஒன்றிரண்டாகத்தான் விட வேண்டும் என்று அவன் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. நான்கு தங்கமீன், மூன்று மோலி, கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு கிடக்கும் சக்கர் ஒன்று. ஆக எட்டு. குளிர்ந்த தண்ணீரில் வாழும் மீனையும் வெதுவெதுப்பில் வாழும் மீனையும் ஒரே பாலித்தீன் பையில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் வந்தோம்.

சேவியர் தங்கமீன்களுக்குப் பெயர் வைத்தார். நட்டு, போல்ட்டு, ரிவெட்டு, ஸ்பிரிங். இதில் ஸ்பிரிங் என்பவள் வாலில் கறுப்புப் புள்ளி உள்ள சின்னவள். நின்ற இடத்தில் நிற்க மாட்டாள்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நிஷா வீடியோ காலில் வருவாள். சேவியர் போனைத் தொட்டிப் பக்கம் திருப்பி ஒவ்வொன்றாகக் காட்டுவார். "இவன் போல்ட்டு, சோம்பேறி. இதப் பாரு, ஸ்பிரிங். உன்ன மாதிரியே." பட்டறையில் இருந்த காலத்தில் மகளிடம், "சாப்ட்டியா, சரி, அம்மாகிட்ட குடுக்கிறேன்" என்பதற்கு மேல் பேசாத மனிதர். மீன் வந்த பிறகு இருபது நிமிடம் பேசினார்.

முதல் வாரத்திலேயே நட்டும் ஒரு மோலியும் போய்விட்டன. குமாரிடம் போனேன்.

"புதுத் தொட்டியில ரெண்டு மூணு போவும்க்கா. அதெல்லாம் கணக்குலயே சேராது."

யார் கணக்கில் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவன் ஒரு நீல மருந்துப் புட்டியை என் கையில் திணித்துவிட்டான்.

ஆளுக்கு ஒரு சிட்டிகை

சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்தால் நாம் என்ன செய்வோம்? சாப்பிடச் சொல்வோம். எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் மீனைச் சாப்பிடச் சொன்னார்கள்.

கீழ்வீட்டு ராமசேஷன் மாமா காலையில் நடைப்பயிற்சி முடித்து வருவார். மயிலாப்பூர் கோயில் குளத்து மீன்களுக்கு நாற்பது வருடமாகப் பொரி போட்டவர். "பாவம், பசியோட பாக்கறதுகள்" என்று பையில் மிச்சமிருக்கும் பொரியை எங்கள் தொட்டியிலும் தூவிவிட்டுப் போவார். அதை மீன்கள் தின்னாமல் துப்பும். வீட்டு வேலைக்கு வரும் மல்லிகா ஒரு சிட்டிகை. கூரியர்காரர்கூட ஒரு நாள் கையெழுத்து வாங்கிக்கொண்டே, "போடலாமா மேடம்?" என்று கேட்டார். போட்டார்.

அண்ணி பிரெட்டைப் பிய்த்துப் போடுவார். அதோடு நோய் வராமல் இருக்கக் கல்லுப்பும். அன்பியத்தில் ஒரு அம்மா, மீன்களுக்காகத் தீர்த்தம் ஒரு மூடி ஊற்றினார். அதைக் குறை சொல்ல நான் யார்?

இத்தனைக்கும் நடுவில், தினமும் காலையும் மாலையும் பிளாஸ்டிக் நாற்காலியைத் தொட்டிக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டு, டப்பாவிலிருந்து எண்ணி எண்ணிப் போட்டவர் சேவியர் ஒருவர்தான். போட்டதைத் தின்று முடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டார். ஆனால் நான் பார்க்கும்போதெல்லாம் டப்பா அவர் கையில் இருந்தது. பழி போட அது போதாதா?

சனிக்கிழமை

இப்போது என் பங்குக்கு வருகிறேன்.

நான் பிளஸ் டூ மாணவிகளுக்கு வேதியியல் எடுப்பவள். பீக்கரை மூன்று தடவை அலசாமல் வைத்தால் எங்கள் ஆய்வகத்தில் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. பீக்கருக்கே அந்தக் கதி என்றால் மீன் தொட்டிக்குக் கேட்க வேண்டுமா?

சனிக்கிழமை எங்கள் வீட்டில் கழுவும் நாள். ஞாயிறு பூசைக்குப் போகும் முன் வீடு பளிச்சென்று இருக்க வேண்டும். எங்கள் பிளாட்டுக்கு மெட்ரோ வாட்டர் லாரி வந்து சம்ப்பை நிரப்பும் நாளும் பெரும்பாலும் சனிதான். புதுத் தண்ணீர். குழாயைத் திறந்தால் பிளீச்சிங் வாசனை கும்மென்று வரும். அந்த வாசனை எனக்குச் சுத்தத்தின் வாசனை.

மீன்களை வாளிக்கு மாற்றுவேன். தொட்டியை முழுக்கக் காலி செய்வேன். கூழாங்கற்களை அரிசி களைவதுபோல் களைந்து, களைந்த தண்ணீர் கண்ணாடியாக வரும்வரை விட மாட்டேன். ஃபில்டரின் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிடித்துப் பிழிவேன். பழுப்பாக வழியும். வழிய வழிய எனக்குத் திருப்தி. பிறகு குழாய்த் தண்ணீரை அப்படியே நிரப்பி மீன்களை விடுவேன். குமார் தந்த குளோரின் எடுக்கும் சொட்டு மருந்தை ஞாபகம் வந்தால் விடுவேன்.

அன்பியம் எங்கள் வீட்டில் என்பதால் அந்த வாரம் கற்களை மொட்டைமாடி வெயிலில் வேறு காயவைத்தேன். கூட்டத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள், "டீச்சர் வீட்டுத் தொட்டி மாதிரி பளபளன்னு எங்கயும் பாத்ததில்ல." நான் பெருமையாகச் சிரித்தேன். அரை மணி கழித்துத்தான் போல்ட்டு கவிழ்ந்தான்.

திரும்பிய நாற்காலி

மறுநாள் காலையில் பிளாஸ்டிக் நாற்காலி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. சேவியர் தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் பார்க்க ஒன்றும் இல்லை. ஒரு கார் கவர் போட்டு நிற்கும், அதன்மேல் ஒரு பூனை.

"மீனுக்குப் போடலியா?" என்று கேட்டேன்.

"நீயே போடு" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னார்.

நானே போட்டேன். ஆய்வகத்தில் உப்பு எடுக்கும் சின்னக் கரண்டியைக் கொண்டுவந்து, அதன் நுனியில் எடுத்து, நாளுக்கு ஒரு தடவை. மல்லிகாவுக்குத் தடை, மாமாவுக்குத் தடை, டப்பா அலமாரியில் பூட்டு. இனிமேல் பார், ஒன்றும் சாகாது என்று எனக்குள் சவால் விட்டுக்கொண்டேன்.

நிஷா போனில் வந்தாள். "அப்பா, ஸ்பிரிங் எங்க? காட்டுங்க."

"இருக்கு. நீ சாப்ட்டியா?"

"காட்டுங்கப்பா."

"சரி, அம்மாகிட்ட குடுக்கிறேன்."

போன் என் கைக்கு வந்தது. நான் தொட்டியைக் காட்டினேன். நிஷா ஸ்பிரிங்கைப் பார்க்காமல், "அப்பாவுக்கு என்னம்மா ஆச்சு?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். அந்த வாரம் பிரஷர் பார்த்தபோது நர்ஸ் இரண்டாவது தடவையும் கட்டிப் பார்த்தாள். டாக்டர் மாத்திரையைக் கூட்டினார்.

நான் என்ன அப்படிச் சொல்லிவிட்டேன்? மீன் விஷயத்தில் ஒரு வார்த்தை. இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ சொல்லியிருக்கிறேன். அதையெல்லாம் விட்டுவிட்டு இதற்கு இப்படியா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. எரிச்சலில் அந்தச் சனிக்கிழமை தொட்டியை இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.

புதன்கிழமை கடைசி மோலி போயிற்று. அடுத்த புதன்கிழமை சக்கர்.

குமார் நம்பவே இல்லை. "சக்கரா? சக்கர் எப்படிக்கா சாவும்? சாக்கடையில வுட்டாக்கூட பொழச்சிக்கினு இருக்கும் அது! இன்னாக்கா பண்ற நீ?"

பழுப்பு நிறம்

அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. ஐந்து வாரம் அவர் கொட்டிய தீனியின் மிச்சம்தான் தண்ணீரைக் கெடுத்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அதை நிரூபிக்கவும் என்னிடம் வழி இருந்தது.

எங்கள் ஆய்வகத்தில் நெஸ்லர் காரணி என்று ஒரு கரைசல் உண்டு. அமோனியா இருக்கும் தண்ணீரில் நாலு சொட்டு விட்டால் மஞ்சளாகும். நிறைய இருந்தால் பழுப்பாகும். செவ்வாய்க்கிழமை தொட்டித் தண்ணீரைச் சின்னப் பாட்டிலில் பிடித்துப் பள்ளிக்குக் கொண்டுபோனேன். விட்டேன். டீ டிகாக்ஷன் நிறம்.

"பாத்தீங்களா!" என்று ஆளில்லாத ஆய்வகத்தில் சத்தமாகச் சொன்னேன். வீட்டுக்கு வந்து அவரிடமும் சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அடுத்த நாளே செய்முறைத் தேர்வு வேலை வந்துவிட்டது. தியாகராய நகரில் ஒரு பள்ளிக்கு வெளித்தேர்வாளராகப் போட்டார்கள். மாம்பலம் ஸ்டேஷன் பக்கத்துக் கூட்டத்தில் போய் வருவதற்கே பாதி உயிர் போயிற்று. அதன் பிறகு எங்கள் பள்ளித் தேர்வு. மூன்று சனிக்கிழமை எனக்கு வீட்டில் இருக்கவே நேரமில்லை. தொட்டியைக் கழுவவில்லை. தீனி மட்டும் கரண்டி நுனியில் போட்டேன். ஃபில்டர் தன்பாட்டுக்கு ஓடியது. கண்ணாடியில் பச்சை படிந்தது. எனக்கு அதைப் பார்க்கவே உடம்பு கூசியது.

மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்த ஸ்பிரிங் ஒரு வாரத்தில் பாதித் தண்ணீருக்கு இறங்கினாள். இன்னொரு வாரத்தில் கல்லை முட்டிக்கொண்டு திரிந்தாள்.

எனக்குச் சந்தேகம் தட்டியது. கைப்பையில் ஒரு பாட்டில் தண்ணீரோடு தியாகராய நகர் போனேன். தேர்வு முடிந்து மாணவிகள் போன பிறகு அந்தப் பள்ளி ஆய்வகத்திலேயே சோதித்தேன். அங்கிருந்த உதவியாளர், "மேடம், இது என்ன சால்ட்?" என்று கேட்டார். "மீன் தண்ணி" என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. வெளிர் மஞ்சள்தான் வந்தது. மூன்றாவது வாரம் எங்கள் பள்ளியில் சோதித்தபோது நிறமே மாறவில்லை.

சோதனைக் குழாயைப் பிடித்தபடி நின்றேன். அதே தொட்டி. அதே தீனி. மாறியது ஒன்றுதான். நான் கழுவவில்லை.

பணியில் சேர்ந்த புதிதில் ஒன்பதாம் வகுப்புக்கு நானே நைட்ரஜன் சுழற்சி நடத்தியிருக்கிறேன். கழிவில் வரும் அமோனியாவை ஒரு வகை பாக்டீரியா மாற்றும், அதை இன்னொரு வகை மேலும் மாற்றும் என்று அம்புக்குறி போட்டு, கலர் சாக்பீஸில் வரைந்து, வரையாத பெண்களுக்கு மதிப்பெண் குறைத்திருக்கிறேன். அந்த பாக்டீரியா கல்லிலும் ஸ்பாஞ்சிலும்தான் ஒட்டிக்கொண்டு வாழும். அதைத்தான் நான் வாராவாரம் தேய்த்து, பிழிந்து, குளோரின் தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, சாக்கடைக்கு அனுப்பியிருக்கிறேன். அதற்குப் பிறகு மீன் தன் கழிவிலேயே மூச்சுத் திணறிச் செத்திருக்கிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

என்மேல் எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. குழாயைக் கழுவாமலே வைத்துவிட்டு வந்தேன்.

தெரியும்

அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றாமலே சொன்னேன்.

"நான்தாங்க கொன்னேன். உங்க தீனி இல்ல. நான் சனிக்கிழமை கழுவுனதுதான்."

அவர் பேப்பரை மடித்தார். "தெரியும்."

"தெரியுமா? எப்பலேர்ந்து?"

"மூணாவது வாரத்துலேர்ந்து. நீ சனிக்கிழமை கழுவுவ. திங்கக்கிழமை எல்லாம் மேல வந்து வாயத் தொறக்கும். செவ்வாய், புதன்ல ஒண்ணு போயிடும். லேத்துல டூல் தேஞ்சா ஒரே இடத்துல கோடு விழுமே, அந்த மாதிரி. பாத்துக்கிட்டே இருந்தா தெரியாதா?"

"அப்ப சொல்லியிருக்கலாம்ல!" எனக்கு மறுபடி கோபம் வந்துவிட்டது. "நாலு மீன் பொழைச்சிருக்குமே!"

"சொன்னேனே. ரெண்டு தடவ சொன்னேன்."

எனக்கு ஞாபகம் வந்தது. முதல் தடவை நான் ஸ்பாஞ்சைப் பிழிந்துகொண்டிருந்தேன். "ரெஜி, கொஞ்சம் அழுக்கு இருந்தா நல்லதோன்னு தோணுது" என்று பக்கத்தில் வந்து நின்றார். "கெமிஸ்ட்ரி படிச்சது நீங்களா நானா?" என்று கேட்டேன். இரண்டாவது தடவை அவர் பேச ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினேன். அவர் என்ன சொல்ல வந்தார் என்றுகூட நான் கேட்கவில்லை.

"அதுக்கப்புறமாவது சொல்லியிருக்கலாம்" என்றேன். குரல் இறங்கிவிட்டது.

"அதுக்கப்புறம் அத்தன பேர் முன்னாடி நான்தான் கொன்னேன்னு சொல்லிட்ட. அதுக்குமேல நான் எது சொன்னாலும் தப்பிக்கிறதுக்குச் சொல்றேன்னுதானே ஆவும்?"

நான் அழுதேன். மீனுக்காக அழவில்லை. பட்டறை போன பிறகு அந்த மனிதருக்குத் தெரிந்த ஒரே விஷயம் அந்தத் தொட்டிதான். அதைக் கவனித்து, சரியாகக் கண்டுபிடித்து, என்னிடம் வந்து சொன்னார். என் படிப்பை வைத்து அவர் வாயை அடைத்தேன். பிறகு கொலைப் பழியையும் அவர் தலையில் போட்டேன். இதை வெட்கமாகத்தான் எழுதுகிறேன்.

மன்றாட்டு நேரத்தில்

அடுத்த மாதம் அன்பியம் பிலோமினா அண்ணி வீட்டில். நாலு பேர் முன்னால் சொன்னதை நாலு பேர் முன்னால்தான் திருப்பி எடுக்க வேண்டும். மன்றாட்டு நேரத்தில் எல்லோரும் மகன் வேலைக்கும் மருமகள் பிரசவத்துக்கும் வேண்டிக்கொண்ட பிறகு, நான் எழுந்து நின்றேன்.

"ரெண்டு மாசம் முன்னாடி எங்க வீட்ல, மீன இவர்தான் கொன்னாருன்னு சொன்னேன். அது தப்பு. நான்தான் கழுவிக் கழுவிக் கொன்னேன். இவர்கிட்ட எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கிறேன்."

அண்ணி, "எந்த மீனு?" என்றார்.

ஒருவருக்கும் ஞாபகமில்லை! "அட, மீனுக்குப் போயா டீச்சர்!" என்று சிரித்தார்கள். இரண்டு மாதமாக அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது யாருடைய நினைவிலும் இல்லாத ஒரு வார்த்தைக்காக. எனக்கு அவர்கள்மேல் எரிச்சல் வந்தது. சேவியர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, உட்கார் என்று சைகை காட்டினார். உட்கார்ந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் தொட்டி, டப்பா, வலை எல்லாவற்றையும் அவரிடம் ஒப்படைத்தேன். சனிக்கிழமை நான் அந்தப் பக்கம் போக மாட்டேன் என்று சொன்னேன். நாற்காலி உடனே ஒன்றும் திரும்பவில்லை. ஒரு வாரம் கழித்துப் பாதி திரும்பியது. ஸ்பிரிங் அந்தப் பெரிய தொட்டியில் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவர் மீனுக்குத் தீனி போட்டுவிட்டு, பேசாமல் எழுந்து போய்விடுவார். நிஷாவிடம் இன்னமும் "சாப்ட்டியா, சரி" தான்.

மாமாவின் சந்தேகம்

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை ராமசேஷன் மாமா வந்தார். முகம் வாடியிருந்தது.

"டீச்சர், எங்காத்துலயும் ஒரு தொட்டி வாங்கிண்டு வந்தேன். பதினஞ்சு நாள் ஆறது. நேத்திக்கு ரெண்டு போயிடுத்து. இன்னிக்கு ஒண்ணு. தினம் தண்ணி மாத்தறேன், பளிச்சுனு வெச்சிண்டிருக்கேன். நீங்க கெமிஸ்ட்ரி ஆச்சே, கொஞ்சம் சொல்லுங்கோ."

சொல்ல எனக்கு வாய் துறுதுறுத்தது. அம்புக்குறி, கலர் சாக்பீஸ், எல்லாம் கண்முன் வந்து நின்றன.

"அவரக் கேளுங்க மாமா" என்றேன்.

மாமா சேவியரைத் திரும்பிப் பார்த்தார். சேவியர் என்னைப் பார்த்தார். எழுந்து மாமாவைத் தொட்டியருகே கூட்டிக்கொண்டு போனார்.

"தெனம் மாத்தாதீங்க மாமா. வாரத்துக்கு ஒரு தடவ, கால்வாசித் தண்ணி போதும். புதுத் தண்ணிய ஒரு நாள் வாளியில வெச்சிருந்து ஊத்துங்க. ஸ்பாஞ்ச குழாயில காட்டவே காட்டாதீங்க. தொட்டித் தண்ணியிலயே லேசா அமுக்கி எடுத்தாப் போதும். அதுலதான் நல்ல கிருமி இருக்கு."

"கிருமியில நல்லது வேறயா?"

"இருக்கு மாமா. அது என்ன பண்ணுதுன்னா..." அவர் குரல் ஏறியது. கை இரண்டும் காற்றில் சுழன்றன. "காத்துல நைட்ரஜன் இருக்குல்ல? மோட்டார் அத உள்ள தள்ளுது. இந்தக் கிருமி அத்தச் சாப்ட்டுட்டு, ஆக்சிஜனா மாத்தி மீனுக்குக் குடுக்குது. அத நாம கழுவிட்டா மீனு எப்படி மூச்சு வுடும்?"

தப்பு. முழுக்க முழுக்கத் தப்பு. காற்று நைட்ரஜனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எந்தக் கிருமியும் அங்கே ஆக்சிஜன் தயாரிக்கவில்லை. என் மாணவி ஒருத்தி இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையில் பக்கம் முழுக்கக் கோடு போட்டிருப்பேன்.

"ஓஹோ, அப்படியா!" என்றார் மாமா. ஆனாலும் படித்தவர், ஒரு வார்த்தை உறுதி செய்துகொள்ளாமல் விடுவாரா? என் பக்கம் திரும்பினார். "என்ன டீச்சர், சார் சொல்றது சரிதானே?"

சேவியர் கை பாதியில் நின்றது. அவர் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிதான் மாமா" என்றேன். "அவர் சொல்றபடியே செய்யுங்க."